நெஞ்செரிவும் பழப் பானமும்

இரவு உணவை வயிறார உண்டு பத்து மணிக்குப் படுக்கைக்குச் சென்ற ஒருவர், நள்ளிரவு கழிந்தபின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். மார்பெலும்பின் பின்னே நெருப்பை வைத்தாற் போன்ற எரிவு. தொண்டைவரை புளித்த நீர் ஏறி இறங்குகிறது. வீட்டார் விளக்கைப் போடுகின்றனர். "வாயு ஏறிவிட்டது; தேசிக்காய் பிழிந்து கொடுங்கள்" என்கிறார் ஒருவர். "சோடாவிலே கலந்து கொடுங்கள்" என்கிறார் மற்றொருவர். "இருதயமாக இருக்குமோ?" என்று வாய்விட்டுக் கேட்க அஞ்சி ஒதுங்கி நிற்கிறார் மனைவி. தேசிக்காய்ச் சாறும் சோடாவும் வருகின்றன. ஒரு பெரிய ஏப்பம் எழுகிறது; சற்றே ஆறுதல். கால்மணி நேரம் செல்லுமுன் எரிவு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது.

இக்காட்சி நம் நாட்டு வீடுகளிற் புதியதன்று. நோயைத் தணிக்கவென்று கொடுக்கப்பட்ட பானமே நோய்க்கு விறகாயிற்று என்பதை அவ்வீட்டார் அறியார். இன்று பழச்சாற்றுக் கடைகள் பட்டினங்களிற் பெருகிவிட்டன. வீடுகளிலும் மின்சார அரைப்பான் வந்துவிட்டது. நெஞ்செரிவுள்ளவர்கள், "சோறு கறி ஒத்துக்கொள்ளவில்லை, பழத்தை அடித்துக் குடித்தாற் குளிர்ச்சி" என்று எண்ணி அதன்பாற் செல்கின்றனர். எண்ணம் முழுவதும் பிழையன்று. ஆனால், எந்தப் பழம், எவ்வளவு, எந்த வேளையில் என்பவை தெரியாமற் குடிக்கும்போதுதான் குளிர்ச்சி எரிச்சலாக மாறுகிறது.

முதலிற் பெயரைச் செம்மைப்படுத்திக்கொள்ளுதல் நன்று. வயிற்றில் எது நேர்ந்தாலும் அதனைக் "காஸ்ரைற்றிஸ்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அச்சொல் உண்மையில் இரைப்பையின் உட்சுவர் அழற்சியையே குறிக்கும். மேலே சொல்லப்பட்ட மனிதருக்கு நேர்ந்தது வேறு. இரைப்பையில் இருக்கவேண்டிய அமிலம் மேலேறி உணவுக் குழாய்க்குள், அதாவது களத்திற்குள், புகுந்துவிட்டது. இதற்குத் தமிழிலே பழையதும் பொருத்தமானதுமான ஒரு சொல் உண்டு: எதுக்களித்தல்.

இரைப்பையில் ஊறும் அமிலம் ஐதரோகுளோரிக்கமிலம் என்பதை 1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் புரௌட் எடுத்துக்காட்டினார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், வட அமெரிக்காவில் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென். மாட்டின் என்னும் தோல் வணிகக் கூலியாளின் வயிற்றிலே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்தார், ஆனால் இரைப்பையிலே ஒரு துளை மூடாமல் நிலைத்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ற், அத்துளை வழியாக உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கி, அவை கரையும் விதத்தை ஆண்டுக்கணக்காக நோக்கி, 1833 இல் நூலாக வெளியிட்டார். இறைச்சியைக் கரைக்கும் அந்த நீர் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சீதப்படை ஒன்று காக்கிறது. களத்திற்கு அத்தகைய காவல் இல்லை. அதனாற்றான் ஒரு சிறங்கை அமிலம் மேலேறினாலும் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது. களத்தின் இவ்வழற்சி தனியொரு நோய் என்று அமெரிக்க வைத்தியர் ஆஷர் விங்கல்ஸ்ரைன் 1935 இல் எழுதினார். அதுவரை பலருக்கு அது வெறும் அசீரணமாகவே தோன்றியது.

களமும் இரைப்பையும் கூடுமிடத்தில் வட்டமான தசை ஒன்று உண்டு. அதனை இறுக்கி என்பர். உணவு இறங்கும்போது அது திறந்து, பின்னர் மூடிக்கொள்ளும். அதனைச் சுற்றிப் பிரிமென்றகட்டின் தசையும் இடுக்கிபோல் நின்று உதவுகிறது. இவ்விறுக்கி விழுங்காத வேளையிலும் இடையிடையே சில கணங்கள் தானாகத் தளர்வதுண்டு. ஏப்பம் வெளியேறுவது அவ்வழியேதான். எல்லார்க்கும் நிகழும் இத்தளர்ச்சி, இரைப்பை விரிந்து பருத்திருக்கும்போது அடிக்கடி நிகழ்கிறது. வயிறு நிறைய உண்டவுடன் படுத்தால், அமிலம் கீழே நிற்பதற்குப் புவியீர்ப்பின் உதவியும் அற்றுப்போகிறது. உடற்பருமன், இடுப்பை இறுக்கும் உடை, கருப்பகாலம், புகைத்தல் யாவும் இதற்குத் துணைசெய்வன.

சோடா ஏன் பகையாயிற்று என்பது இப்போது விளங்கும். அதிலுள்ள வாயு இரைப்பையை ஊதச் செய்கிறது; ஏப்பமாக வெளியேற இறுக்கியைத் திறக்கச் செய்கிறது; திறந்த வாயில் வழியே அமிலமும் வருகிறது. தேசிக்காயோ, ஏற்கெனவே புண்பட்ட குழாயில் நேரே பட்டு எரிக்கிறது. புளிப்பின் கடுமையை அளக்க விஞ்ஞானிகள் பீஎச் என்னும் அளவைப் பயன்படுத்துவர். ஏழு நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் மிகும், ஒரு படி குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தேசிக்காய்ச் சாறு இவ்வளவையில் இரண்டுக்குச் சற்று மேலே நிற்பது. இரைப்பை நீருக்கே அண்டை வீட்டுக்காரர் என்று சொல்லலாம். கனிந்த பப்பாசிப்பழம் ஐந்துக்கு மேல் நிற்பது. இடையே மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

பழக்கடையில் விற்கப்படும் "ஸ்மூதி" என்பது பழத்தையும் பாலையும் அல்லது தயிரையும் சேர்த்து அரைத்த கூழ்ப் பானமே. கிண்ணத்தின் அடியிலே அலகு சுழலும் அரைப்பானை அமெரிக்காவில் ஸ்ரீபன் பொப்லவ்ஸ்கி என்பவர் 1922 இல் அமைத்தார். 1937 இல் அதனை வீடுதோறும் புகச் செய்தவர் பிரெட் வாரிங் என்னும் வாத்தியக் குழுத் தலைவர், வானொலியிற் புகழ்பெற்றவர். இசையும் அரைப்பும் ஒருவரிடமிருந்தே வந்தமை வானொலி நேயர்க்குச் சுவையான செய்தியாகலாம்.

அரைப்பானால் வந்த நன்மை, மெல்ல முடியாத முதியவரும் நோயாளரும் பழத்தின் சத்தை எளிதிற் பெறலாம் என்பது. அதனால் வந்த தீமையும் அதே எளிமையிலிருந்து பிறந்தது. இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், கால் அன்னாசி, ஒரு கோப்பை பால் ஆகியவற்றை இருந்து மென்று தின்ன ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகும். பாதியிலேயே போதும் என்று தோன்றிவிடும். அவற்றையே அரைத்து உயரமான கிளாசில் ஊற்றிக் கொடுத்தால் மூன்று நிமிடத்தில் உள்ளே போய்விடும். அரை லீற்றர் நீர்மம் ஒரே வீச்சில் இறங்கினால் இரைப்பை விரியாமல் என் செய்யும்? நுரையோடு காற்றும் உட்செல்கிறது. மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் களத்திலுள்ள அமிலத்தைக் கழுவி நடுநிலைப்படுத்தும் இயல்புடையது. அந்த உமிழ்நீரும் இங்கே குறைந்துபோகிறது. ஆதலால் நெஞ்செரிவுள்ளவர்க்கு முதல் விதி பழத்தைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. இருநூறு மில்லிலீற்றர், அதாவது ஒரு சாதாரண தேநீர்க் கோப்பை, ஒரு வேளைக்குப் போதும். அதனையும் நிமிர்ந்திருந்து, சிறிது சிறிதாக, இயலுமானாற் கரண்டியால் அருந்துவது சாலச் சிறந்தது.

இனிப் பழங்களைப் பார்க்கலாம். தேசிக்காய், தோடம்பழம், அன்னாசி, கொடித்தோடை, புளிப்பு மாறாத மாங்காய், தக்காளி ஆகியவை எரிவுள்ள நாட்களில் விலக்கத்தக்கவை. விளாம்பழத்தைத் தேங்காய்ப் பாலிலே கரைத்துச் சருக்கரை சேர்த்துக் குடிக்கும் வழக்கம் இந்நாட்டிற் பெரிதும் உண்டு. சுவையைக் குறை சொல்வார் எவரும் இலர். ஆனால் புளிப்பும் கொழுப்பும் ஒரே கிளாசிற் சேர்வதால் நெஞ்செரிவுள்ளவர் அதனை நலமான நாளுக்கு ஒதுக்கிவைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தவரிடம் கறுத்தக்கொழும்பு மாம்பழத்தை விலக்குக என்று சொல்லும் துணிவு எந்த வைத்தியருக்கும் வராது. நன்றாகக் கனிந்த பழமானாற் பலருக்கு அது தீங்கு செய்வதில்லை. ஒரு துண்டிற் தொடங்கிப் பார்ப்பதே வழி.

ஒத்துக்கொள்ளும் பழங்களிற் பப்பாசி முதன்மையானது. வாழைப்பழத்திற் புளிப்பேறிய சிறு வகைகளை விடுத்து, கப்பல், இதரை, ஆனைவாழை முதலியவற்றைத் தோல் மஞ்சளாகி நன்கு கனிந்த நிலையிற் கொள்ளலாம். வத்தகப்பழமும் நல்லது, ஆயினும் அதில் நீரே மிகுதியாதலால் அளவு கூடிவிடாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். கோடையில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் வாழைச் சருகிற் பொதிந்து விற்கப்படும் வெள்ளரிப்பழத்தை இக்கால இளைஞர் மறந்துவருகின்றனர். வெடித்து மாப்போல் உதிரும் அதன் சதை சற்றும் புளிப்பில்லாதது, அரைப்பானும் வேண்டியதில்லை, கரண்டியால் மசித்தாலே கூழாகிவிடும். நெஞ்செரிவுள்ளவர்க்கு இதனினும் சாந்தமான பழத்தைத் தேடிக் காண்பது அரிது. வெண்ணெய்ப்பழம் என்னும் ஆனைக்கொய்யாவிலே புளிப்பில்லை. ஆனால் நூறு கிராமில் ஏறக்குறைய பதினைந்து கிராம் கொழுப்பு. கொழுப்பு இரைப்பையிலிருந்து மெதுவாகவே வெளியேறும், இறுக்கியையும் தளர்த்தும். அப்பழத்தோடு ரின்பாலைச் சேர்த்து அடித்து, இரவு உணவின்பின் ஒரு கிளாஸ் குடிப்பவர் நள்ளிரவில் விழித்தெழுந்தால் வியப்பதற்கொன்றுமில்லை.

பப்பாசி பற்றி ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். அதிலே புரதத்தைச் செரிக்கச் செய்யும் பப்பெயின் என்னும் நொதியம் இருப்பதால் அது வயிற்று நோய்களைத் தீர்க்கும் என்பர். அந்நொதியம் மிகுதியாக இருப்பது பச்சைக் காயின் பாலிலேதான். காய் கனியக் கனிய அது குறைந்துவிடுகிறது. கனிந்த பப்பாசி நெஞ்சுக்கு இதமாயிருப்பதற்குக் காரணம் அதன் புளிப்பின்மையும் மென்மையுமே. பச்சைப் பப்பாசிக் காயை மருந்தென்று கருதிக் கருப்பிணிகள் உண்ணுதல் கூடாது.

பாலைப் பற்றிய கதை இன்னும் வேடிக்கையானது. சிக்காகோ நகரத்து வைத்தியர் பேட்ரம் சிப்பி என்பவர் 1915 இல் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பத்தியம் வகுத்தார். மணிக்கொருமுறை பாலும் பாலேடும் கலந்து கொடுப்பதே அதன் சாரம். பல்லாண்டுகள் உலகெங்கும் வைத்தியசாலைகளில் அது நடைமுறையில் இருந்தது. பால் குடித்தவுடன் எரிவு தணிவது உண்மையே. ஆதலால் நோயாளரும் நம்பினர். 1976 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, முழுப்பாலாயினும் கொழுப்பகற்றிய பாலாயினும் அது பின்னர் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது என்று காட்டியது. முதற்கணம் தணித்து மறுகணம் தூண்டும் நண்பன் பால். படுக்குமுன் ஒரு கோப்பைப் பால் அருந்தினால் நெஞ்செரிவு தீரும் என்ற நம்பிக்கையைக் கைவிடுவதே நலம். பகலில், பானத்தைக் கூழாக்குமளவுக்குக் கொழுப்புக் குறைந்த பாலைச் சிறிது சேர்ப்பதிற் பெரும்பாலோர்க்குத் தடையில்லை. தயிர் சேர்ப்பதாயின் அன்று உறைந்த புளிக்காத தயிரே வேண்டும்.

வீட்டிற் செய்யத்தக்க பானம் ஒன்றைச் சொல்வதானால், தோலும் விதையும் நீக்கிய பப்பாசித் துண்டுகள் ஒரு சிறு கிண்ணம், நன்கு கனிந்த வாழைப்பழம் பாதி, வேகவைத்து ஆறிய ஓட்ஸ் அல்லது குழைந்த சிவப்பரிசிக் கஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, அரைக் கோப்பைக்குக் குறைந்த நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்கலாம். சீனி வேண்டியதில்லை, பழத்தின் இனிப்பே போதும். ஐஸ் கட்டியும் வேண்டியதில்லை. கஞ்சியோ ஓட்ஸோ சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பழம் மட்டும் ஆனால் நீர்த்து, ஒரே மூச்சிற் குடித்துவிடத் தோன்றும். தானியம் சேர்ந்தால் பானம் தடித்து, மெதுவாகவே இறங்கும். காலை உணவாகவும் நிற்கும். அரைத்தபின் ஐந்து நிமிடம் வைத்து, நுரை அடங்கிய பிறகே கோப்பையில் ஊற்றவேண்டும். மணத்திற்கு இஞ்சி விரும்புவோர் நகக்கண் அளவு துருவிச் சேர்க்கலாம்; மிகுந்தால் இஞ்சியே எரிக்கும். கடைக்காரர் அழகுக்காக மேலே இடும் புதினா இலை வேண்டாம். புதினா வாய்க்குக் குளிர்ச்சி, இறுக்கிக்கோ தளர்ச்சி. சொக்கலேற்றும் கோப்பியும் அவ்வாறே.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைத்தல் முறையாகாது. நெஞ்செரிவுள்ளவர்க்கு ஏற்ற கூழ்ப் பானத்தை இந்நாட்டவர் அரைப்பான் வருமுன்பே அறிந்திருந்தனர். சிங்கள மக்கள் "கொளகெந்த" என்றும் தமிழர் இலைக்கஞ்சி என்றும் வழங்கும் பானம் அது. சிவப்புப் பச்சையரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரை, சாத்தாவாரி போன்ற இலைகளை இடித்துப் பிழிந்த சாற்றைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குவர். புளிப்பில்லை, வாயுவில்லை, இளஞ்சூடாயிருப்பதால் எவரும் ஊதி ஊதித்தான் குடிக்கவேண்டும், எனவே வேகமும் தானே அடங்குகிறது. நெஞ்செரிவுள்ளவர்க்கு ஒரேயொரு மாற்றம் போதும்: தேங்காயின் முதற்பாலைத் தவிர்த்து, நீர்த்த இரண்டாம் பாலை மாத்திரம் சிறிது விடவேண்டும். பாட்டிமார் தேசிக்காய்ப்புளி விடச் சொல்வார்களாயின் அதனை மரியாதையாக மறுத்துவிடலாம். செவ்விளநீரும் இதமானதே. சிலருக்கு வெறுவயிற்றில் அது ஒவ்வாமற் போவதுண்டு.

வேளையைப் பற்றிக் கூறவேண்டியது அதிகமில்லாவிடினும் அதன் இன்றியமையாமை பெரிது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் கடும் தேநீர். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் உணவில்லை. இடைவேளையில் வடையும் மறுபடி தேநீரும். பகல் முழுவதும் பட்டினிக்கு ஈடாக இரவு ஒன்பதரைக்கு ஒரு பெரும் படையல். பத்து மணிக்குப் படுக்கை. இவருக்கு எத்தகைய பழப் பானமும் பயன் தராது, அது இரவுப் படையலின் மேல் ஊற்றப்படுமாயின். அதே பானத்தைக் காலை ஏழு மணிக்கு அருந்தி, இரவு உணவைப் பாதியாக்கி, உண்டதற்கும் படுப்பதற்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டாரானால், பாதி நோய் பானத்தால் அல்ல, நேரத்தாலேயே நீங்கிவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழே ஆறு முதல் எட்டு அங்குல உயரத்திற்கு மரக்கட்டை வைப்பதும், இடப்புறம் சாய்ந்து படுப்பதும் மருத்துவ ஆராய்ச்சியில் நன்கு நிலைபெற்ற உபாயங்கள். தலையணைகளை மட்டும் அடுக்கினால் உடல் வயிற்றிடத்தில் மடிந்து அழுத்தம் கூடும், கட்டிலைத்தான் உயர்த்தவேண்டும்.

உணவு எல்லார்க்கும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. ஒருவருக்கு அமுதமான வாழைப்பழம் மற்றொருவருக்கு நெஞ்சைக் கரிக்கும். ஆதலால் ஒரு பழைய பயிற்சிக் கொப்பியை எடுத்து, உண்டது, குடித்தது, வேளை, எரிவு என்று இரண்டு வாரம் எழுதிவருவது எந்தப் பட்டியலினும் உதவும். எழுதும்போது ஒரே நாளில் ஒரு புதுப் பழத்துக்கு மேற் சோதிக்கலாகாது. அல்லாவிடின் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க இயலாது. நீரிழிவு உள்ளவர் வாழைப்பழத்தின் அளவையும் வத்தகப்பழத்தின் அளவையும் தம் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். சிறுநீரக நோயாளர்க்கு வாழைப்பழத்திலும் செவ்விளநீரிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இரத்தம் உறையாதிருக்க வாபரின் என்னும் மருந்தை உட்கொள்வோர், நாளும் இலைக்கஞ்சி குடிக்கத் தொடங்குமுன் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்; பச்சை இலைகளிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கவல்லது. மூட்டு வலிக்காக நாளும் வலிநிவாரணி விழுங்குவோர்க்கு எரிவின் காரணம் உணவாயில்லாமல் அம்மாத்திரையாகவே இருக்கவும் கூடும்.

வாரத்திற்கு இரண்டு முறைக்கு மேல் எரிவு வருமாயின், அல்லது வாரக்கணக்காக நீடிக்குமாயின், பானத்தை நம்பிக் காலங்கடத்துதல் தகாது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் இன்று அரசாங்க வைத்தியசாலைகளிலே கிடைக்கின்றன. விழுங்கும்போது உணவு தடைப்படுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தம் வாந்தியெடுத்தல், தார்போல் மலம் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே வைத்தியரைக் காணவேண்டும். ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டுப் பட்டுக் களத்தின் உட்படை மாறி, சிலருக்குப் புற்றுநோய்க்கு வழியாவதுமுண்டு.

நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்து எழுந்தவரிடம் மறுபடி வருவோம். அவருக்குத் தேசிக்காயும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். நிமிர்ந்து உட்காரச் செய்து, இறுகிய உடையைத் தளர்த்தி, வெந்நீரோ தண்ணீரோ சில மிடறு கொடுத்தாற் போதும். எதுக்களித்தலாயின், உட்கார்ந்ததும் பெரும்பாலும் எரிவு தணியத் தொடங்கும். ஆனால், மனைவி வாய்விட்டுக் கேட்க அஞ்சிய அக்கேள்வியை வாய்விட்டே கேட்கவேண்டும். நெஞ்சை அழுத்துவது போன்ற நோவு, இடத் தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், நடந்தால் மிகும் வேதனை ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின் அது வாயுவென்று தீர்மானிக்க வீட்டாருக்கு உரிமையில்லை. பெண்களுக்கும் நீரிழிவாளருக்கும் இருதய நோய் வெறும் நெஞ்செரிவின் வேடத்திலேயே வருவதுண்டு. வயிறா இருதயமா என்பதை இருதய மின்வரைபும் இரத்தப் பரிசோதனையும் பிரித்தறியும், கைவைத்தியம் அறியாது. இலங்கையில் 2016 இல் தொடங்கப்பெற்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசி செய்து இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வண்டி வரும்வரை அவரை நடக்கவிடாமல், சாய்ந்த நிலையில் இருத்தி, அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருத்தல் வீட்டார் செய்யவேண்டியது.